கீறல் விழக்கூடாது

"கீறல் விழக்கூடாதுப்பா. விழுந்தா என் வேலை போச்சு."

வெள்ளை அம்பாசடர்லேர்ந்து எறங்கி மூணாவது தபாவா சொன்னாரு ரகுநாதன். பாடி ஏரியால ஒரு கம்பெனிக்கி, ஆளுங்களோட லீவு, சம்பளம்லாம் பாக்கற பெர்சனல் ஆபீசரு. நெத்தில நாமம். கம்பெனி காரு, முன்கதவு ரெண்டுலயும் சாஸர் சைஸ்ல வெள்ளிக் கலரு பல்சக்கரம். கம்பெனி சின்னம். அத்த எடுக்கணும். நாளைக்கிக் காலைல அதே எடத்துல திரும்ப ஒட்டணும்.

மண்ணூர்பேட்டைல பெயிண்ட் ஷெட்டு வெச்சிகீற அந்தோணிராஜுக்கு சிரிப்பு பொத்துகினு வந்திச்சு. கம்பெனில நாப்பது நாளா ஸ்ட்ரைக்கு. சங்கத் தலைவரு கிறிஸ்துராஜ், இவனோட தோஸ்து. கம்பெனி கேட்டாண்ட பந்தல்ல மூணு நாளா உண்ணாவிரதம் குந்திகீறான். அவனுக்கு பசி தெரியக்கூடாதுன்னு அந்தோணிராஜ் போயி மிமிக்ரி பண்ணுவான். யார் மாதிரி? 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு மீட்டிங்குல பேசற இதே ரகுநாதன் மாதிரிதான்.

"இன்னா சார், கல்லு வுடுவாங்கன்னு பயமா?"

"இன்னிக்கு ஒரு நாள் இது வேண்டாம்."

"ஓஹோ. பயம் ஒரு நாளிக்கிதானா?"

ரகுநாதன் வாட்சைப் பாத்தாரு. "பிளேடு வச்சு நெம்பிடேன்."

"பெயிண்ட்டு கீசிக்கும் சார்."

"தின்னர்?"

"பெயிண்ட்டே கழண்டுகினு வந்துரும். நீ போயி பெஞ்சில குந்து சார், நான் பாத்துக்கறேன்."

சுடுதண்ணில துணிய முக்கி சின்னத்து மேல போட்டான். கோந்து எளகினதும், மீன் புடிக்கற தூண்டி நரம்ப பின்னாடி வுட்டு, ரம்பம் மாதிரி இப்புடி அப்புடி இழுத்தான். சக்கரம் கையில வந்திச்சு. கதவுல ஒட்டிகினு இருந்த கோந்த கட்டவெரலால உருட்டி உருட்டி எடுத்தான். மிச்சத்துக்கு தேங்கா எண்ண தடவி ஊற வெச்சி, பனியன் துணியால தொடச்சான். ஒரு கீறல் இல்ல.

ஆனா வெயிலே படாத எடமாச்சே? கதவுல மத்த எடம் பழுப்பா கீது, சக்கரம் இருந்த எடம் மட்டும் பளிச்சுனு வெள்ளையா கீது. முன்னவிட நல்லா தெரியுது பல்சக்கரம்!

ரகுநாதனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. "ஐயையோ! அஞ்சு மணிக்குள்ள போகணுமே!"

"பயந்து ஓடறதுக்கு கூட டைம் இருக்குதா சார்?"

அந்தோணிராஜுக்கு குசும்பு தாங்கல. ஆணில மாட்டியிருந்த ரெண்டு வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர எடுத்துகினு வந்தான்.

"இதான் கீது சார். ஒட்டவா? கல்லு வுட வர்றவன் கூட கன்னத்துல போட்டுகினு பூடுவான்."

நாமக்காரரு குதிப்பாருன்னு பாத்தா, அவரு யோசிச்சாரு. "ஒட்டு. அது இன்னும் நல்லது."

போவும்போது பின்சீட்ல இருந்து டிரைவரோட காக்கித் தொப்பிய எடுத்து, நாமம் மறையற மாதிரி இழுத்து மாட்டிகினாரு. அந்தோணிராஜ் கார் போற வரிக்கும் சிரிப்ப அடக்கிகினு இருந்தான். பாவம், கை வேல இருந்ததால அன்னிக்கி பந்தலுக்கு போவ முடியல.

மறாநாள் காலைல காரு வந்திச்சு.

"இன்னா சார், அதுக்குள்ள தைரியம் வந்துட்டுதா?"

"வேலை முடிஞ்சுது. ஒட்டிடு."

அச்சு பளிச்சுனு கீதே, அது மேல சக்கரத்த வெச்சா கரெக்டா குந்திகிச்சு. உரிச்ச மாதா ஸ்டிக்கர ரகுநாதன் மடங்காம டேஷ்போர்டுல வெச்சிகினாரு. தூங்காத கண்ணு, செவந்து கெடந்திச்சு.

சைக்கிள எடுத்தான் அந்தோணிராஜ். நாமம், மாதா, காக்கித் தொப்பி! வழியெல்லாம் தனியா பேசி ரிகர்சல் பாத்துகினே பந்தலுக்கு போனான்.

அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள கிறிஸ்துராஜ் ஒரு ஆரஞ்சு முட்டாய அதுல திணிச்சான்.

"மச்சான், பொண்ணு பொறந்துகீது! நான் துன்னக்கூடாது, நீ துன்னு."

"அடி சக்கை! ஒன் சம்சாரம் ஞானகுமாரி எப்டி கீது?"

"நல்லா கீறா. நேத்து ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில சேரணும். ஆட்டோல குலுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்ட்டாரு. காருக்கு எங்க போவேன்? ஈ.எஸ்.ஐ. பேப்பர்ல கையெழுத்து போட்டப்ப அந்த ரகுநாதன் பிரசவத் தேதியப் பாத்தான், ஒரு வார்த்த கேக்கல. அவன் வண்டி அனுப்சாலும் ஏறாதன்னு ஊட்ல சொல்லி வெச்சேன். கம்பெனி கார்ல ஏறினா, தலைவரு வெல போய்ட்டான்னு நம்ம ஆளுங்களே சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"கள்ளிக்குப்பத்துல ஊட்டாண்ட ஒரு காரு வந்து நின்னுகீது. கதவுல மாதா படம். சர்ச்சுல அனுப்சாங்கன்னு தொப்பி போட்ட டிரைவரு சொன்னானாம். சரியான பயந்தாங்கொள்ளி டிரைவரு மச்சான், இருவதுக்கு மேல ஓட்டவே இல்லியாம். கொழந்த அழுவற சத்தம் கேக்கற வரிக்கும் வராண்டாவுலயே நின்னுகினு இருந்தானாம்."

அந்தோணிராஜ் வாய்ல முட்டாயி அப்படியே நின்னுச்சு.

"ஞானகுமாரியோட அம்மா பத்து ரூபா குடுத்தாங்களாம். வாங்கலியாம். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்மா'ன்னானாம். அந்த வார்த்தைய மனசார சொல்றவனும் ஊர்ல கீறான் பாரு!"

பந்தல்ல அல்லாரும் கை தட்டினாங்க. கிறிஸ்துராஜ் அவன் தோளப் புடிச்சு முன்னாடி தள்ளினான்.

"எங்க மச்சான், அந்த வார்த்தையவே நம்ம ரகுநாதன் சொன்னா எப்டி இருக்கும்? ஒரு தபா பேசிக் காட்டு, இவங்க சிரிக்கட்டும்."

அந்தோணிராஜ் முன்னாடி வந்து நின்னான். ரெண்டு தபா இருமினான்.

"இன்னிக்கி வாணாம் மாமே. அவரு கொரலு எனுக்கு வராது."