கல்லில் வெட்டிய முகவரி

பேருந்து நிழற்குடையின் கல்வெட்டில், தன் பெயருக்குக் கீழே முகநூல் முகவரியையும் வெட்டச் சொன்ன ஒரே பிரகஸ்பதி கவுன்சிலர் தில்லைநாயகம்தான். “நல்லா ஆழமா வெட்டுய்யா,” என்று பக்கத்திலேயே நின்றார். செத்தவர்களின் பெயரைக்கூடக் கல்தச்சர் மாசிலாமணி அவ்வளவு ஆழமாக வெட்டியதில்லை.

முகவரியில் அவர் பெயரோடு கட்சியின் பெயரும் இருந்தது. ஆறே மாதத்தில் கட்சி மாறியவர், முகவரியையும் மாற்றினார். அவர் கைவிட்டதைப் பழைய கட்சியில் அவருக்குப் பரம வைரியாக இருந்த செங்குட்டுவன் மறுநாளே எடுத்துக்கொண்டான். இப்போது பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கல்லைப் பார்த்துக் கைபேசியில் தட்டினால், செங்குட்டுவன் கைகூப்பிச் சிரிக்கிறான்.

“பழசைக் கொத்திட்டுப் புதுசை வெட்டுய்யா,” என்று மறுபடி வந்து நின்றார் தில்லைநாயகம்.

மாசிலாமணி உளியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாக்பீஸை நீட்டினார்.

“இந்தத் தடவை நீங்களே எழுதிக்கிடுங்க. துடைக்கத் தோதா இருக்கும்.”