சீஸ் வைக்கணுமா?

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த எவரிஸ்தோவுக்கு, பேட்டையில் எங்கே என்ன சாப்பிடலாம் என்று நான்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

“சொந்த ஊரு எது?” என்றேன் நடந்தபடியே.

“இதே மெக்சிகோ நகரம்தான். பொறந்து வளந்ததெல்லாம் இங்கதான்.”

பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

சந்தை மூலையில் எமெல்தா அக்காவின் அடுப்பருகே உட்கார்ந்தோம். உள்ளே எதையாவது வைத்து மடித்துத் தரும் கெசடியாவைக் கேட்டார் எவரிஸ்தோ. சோள அடையைத் தட்டியபடியே அக்கா, “பூசணிப்பூ இருக்கு, காளான் இருக்கு. சீஸ் வைக்கணுமா, வேணாமா?” என்றாள்.

எவரிஸ்தோ சிரித்துவிட்டார். “என்னக்கா, கிண்டலா? சீஸ் இல்லாம கெசடியாவா?”

அக்காவின் கை நின்றது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“வச்சே குடுங்கக்கா. நெறையவே வைங்க” என்றேன்.

அவர் முதல் வாய் கடித்ததும், கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய் வடக்கே போன் போட்டேன்.

“நாம தேடுற ஆளுதான் முதலாளி. பேரு, மீசை, பேச்சு எல்லாத்தையும் மாத்திட்டான். ஆனா இந்த ஊர்ல கேட்டாத்தான் சீஸ் வைப்பாங்கன்னு அவனுக்குத் தெரியல. கேக்காமலே வைக்கிறது நம்ம பக்கந்தானே.”

“இப்ப என்ன பண்றான்?”

திரும்பிப் பார்த்தேன்.

“இன்னொண்ணு கேக்குறான். சாப்பிட்டு முடிக்கட்டும்.”