விக்கெட் கீப்பரும் வேர்க்கடலையும்

லீக் ஆட்டங்கள் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. மைதானத்து வேப்பமரத்தில் காக்காவுக்கும் மைனாவுக்கும் அதே பேச்சுதான்.

“நம்ம டீம்ல இருந்து முதல்ல ஞானப்பிரகாசத்தைத் தூக்கணும். விக்கெட் கீப்பராம்! கையா அது, சல்லடை” என்றது காக்கா. “அவரைப் பக்கத்து ஊர் டீமுக்குத் தள்ளிவிட்டுட்டு, அங்கேயிருந்து இர்ஃபானை இழுத்துப் போடணும்.”

“பாவம், பன்னிரண்டு வருஷமா ஆடுறார்” என்றது மைனா.

“பாவம் பார்த்தா கோப்பை வருமா?”

வாய் முகூர்த்தமோ என்னவோ, மறுநாளே பயிற்சிக்கு இர்ஃபான் வந்து நின்றான். வந்த பந்தையெல்லாம் லபக் லபக்கென்று பிடித்தான். காக்கா கிளைக்குக் கிளை தாவிக் கொண்டாடியது.

இடைவேளையில் இர்ஃபான் மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். இரண்டும் வழக்கம்போல் இறங்கி வந்து காத்திருந்தன. ஞானப்பிரகாசம் தின்றால் பாதிக் கடலை தரையில்தான் சிதறும். இவனோ ஒவ்வொன்றாக மேலே தூக்கிப் போட்டு வாயால் பிடித்தான். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

அவன் எறிந்துவிட்டுப் போன காகிதத்தைக் காக்கா இரண்டு முறை புரட்டிப் பார்த்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னது:

“என்ன இருந்தாலும், ஒரு டீமுக்கு அனுபவம்னு ஒண்ணு வேணும்ல?”