தோணி இல்லாத அட்டை

கல்முனைக் கடைத்தெரு அச்சகத்துக்குள் பகல் வெயில் சரிந்து விழுகிறது. கயிற்றில் தொங்கும் புத்தக அட்டைகளில் எல்லாம், உதுமாலெவ்வை லினோத் தகட்டில் செதுக்கி அச்சடித்த தோணி கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அண்ணனை நினைத்து இந்தக் கவிதைகளை எழுதிய ஹாஜறா டீச்சர் இல்லையென்று தலையசைக்கிறார். "சூறாவளியில தோணியோட போன என்ட காக்கா திரும்பி வரல்லியே." "அட்டையெல்லாம் அடிச்சுக் காஞ்ச புறகா சொல்றீங்க? அல்லாஹ்வே, இனி நான் என்ன செய்யிற டீச்சர்!" உதுமாலெவ்வை மை படிந்த கையால் தலையில் அடித்துக்கொள்கிறார், நெற்றியெல்லாம் கறுப்பாகிறது. முணுமுணுத்தபடியே உளியை எடுத்து, தகட்டிலிருந்து தோணியைச் செதுக்கி எறிகிறார். மறுபடி மை உருட்டி, ஒரு தாளை அழுத்தி உரிக்கிறார். கறுத்த கடலின் நடுவே தோணியளவுக்கு வெறும் வெள்ளை. டீச்சர் அதைத் தொடப்போய், ஈரமென்று விரலை இழுத்துக்கொள்கிறார். "ஓம், இதான்." உதுமாலெவ்வை அவரை ஏறிட்டும் பார்க்காமல், காய்ந்த அட்டைகளைக் கயிற்றிலிருந்து வெடுக்கு வெடுக்கென்று இழுத்து இறக்குகிறார்.