ஒன்று விடாமல்

ரோடு ரோலரை வழிமறித்தவரின் பளபளப்பான ஷூவில் தார் அப்பியிருந்தது.

“ஒதுங்குங்க சார், நசுங்கினா நான் பொறுப்பில்ல!” என்று கத்தினார் டிரைவர்.

“அண்ணே, அன்னிக்கு மைதானத்துல திருட்டு டிஸ்க்கையெல்லாம் நசுக்கினது நீங்கதானே?”

“நானேதான். மலையாட்டம் குவிச்சிருந்தாங்க. அதுக்கென்ன இப்போ?”

“அதுல ஒரு படம் வேணும்.” வந்தவர் படத்தின் பெயரைச் சொன்னார். “ஆன்லைன்ல ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு தூக்கிட்டாங்க. அங்கதான் இருக்கேன்னு தயாரிப்பாளர் ஹார்டு டிஸ்க்கைக்கூட பத்திரப்படுத்தல. இப்ப எங்கயுமே கிடைக்கல. ஒண்ணாவது தப்பிச்சிருக்குமா?”

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

“தப்பிக்கல, நான்தான் திருடினேன். எம் பொண்டாட்டிக்குப் பிடிச்ச படம். வண்டியை ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணை உருவி இடுப்புல சொருகிட்டேன். இன்னிக்கும் நல்லா ஓடுது.”

வந்தவர் ரோலரின் படியில் தாவி ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அதைக் குடுத்துடுங்கண்ணே!”

“‘என் படத்து டிஸ்க்கை ஒண்ணு விடாம நசுக்கு’ன்னு மைக்குல கத்தினது நீங்கதானே, டைரக்டர் சார்?”

டைரக்டர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுப் படியிலிருந்து இறங்கினார்.

“காப்பி போட்டுத் தர்றேன், கொண்டு போங்க. ஒரிஜினல் எங்கிட்டயே இருக்கட்டும். உங்களை நம்பித் தர முடியாது.”