கேஸ்கட் சுவர்

பழைய பீட்டில் கார் என்ஜினில், மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கேஸ்கட் என்ற மெல்லிய அடைப்புத் தகடு போட்டே தீரவேண்டும் என்றான் மெக்கானிக் ஜீவானந்தம். போட்டால்தான் லீக் ஆகும் என்றான் அவன் கூட்டாளி தாமோதரன். அந்தச் சண்டையில் அவர்களுடைய பம்மல் ஒர்க்‌ஷாப்புக்கு நடுவே சுவரே எழும்பியது.

சுவருக்கு முன் இருவரும் கடைசியாகச் சேர்ந்து கட்டிய என்ஜின், ஏழு வருடம் ஓடி, இன்று காரின் சொந்தக்காரர் சுந்தரராமன் சாரோடு வந்து நின்றது. இடப்பக்க ஹெட் தாமோதரன் மாட்டியது; வலப்பக்கம் ஜீவானந்தம்.

"ரெண்டு பேருமே என் காரைத்தான் சாட்சியா சொல்றீங்க. என் எதிர்ல பிரிங்க," என்றார் சார்.

"முதல்ல அந்த மூதேவி பக்கத்தக் கழட்டச் சொல்லுங்க சார்," என்றான் தாமோதரன்.

"ஏன், உன் பக்கத்துக்கு இன்னா பேஜாரு?" என்று எகிறினான் ஜீவானந்தம்.

"ரெண்டையும் கழட்டுங்கப்பா."

 தாமோதரன் தன் பக்க ஹெட்டைத் தூக்கினான். உள்ளே கேஸ்கட் இருந்தது. ஒருவேளை ஜீவானந்தம் சொல்வதுதான் சரியோ என்ற பயத்தில், அன்று அவன் டீக்குப் போன நேரத்தில் தானே வைத்தது.

ஜீவானந்தம் சிரிக்கப் போகிறான் என்று தலைகுனிந்து காத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

ஜீவானந்தம் கழற்றிய பக்கத்தில் கேஸ்கட் இல்லை.

"சரி, இப்ப போடணுமா, வேணாமா?" என்றார் சார்.

"கூடவே கூடாது," என்றான் தாமோதரன்.

"போட்டே ஆவணும்," என்றான் ஜீவானந்தம்.