படியிறங்கும் செருப்புச் சத்தம்

மத்தியான வெயில் திரையில் விழாதபடி அப்பா ஜன்னலில் போர்வையை மாட்டுகிறார். ஓரமாய் நுழைந்த ஒரு கீற்று மட்டும் சோபாவின் கைப்பிடியில் கிடக்கிறது. டிவியில் அந்தப் பேய்ப்படம். இயக்குநரின் விருதுப் படங்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஊர், மூன்றே நாள் ஓடிய இதை மறந்தே விட்டது. இதில் பேய் முகமே காட்டாது; ஆளில்லாத மாடிப்படி, அதில் இறங்கி வரும் செருப்புச் சத்தம், அவ்வளவுதான். அதற்கே குலை நடுங்கும். அந்தச் சத்தம் அம்மாவுடையது. படங்களுக்குக் காலடியோசை கொடுப்பதுதான் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் வேலை. இந்தப் படத்துக்குத் தன் வீட்டுச் செருப்பிலேயே, வலது காலை லேசாக இழுத்து நடந்தாள். "எனக்கு மூட்டுவலி, அவங்களுக்குப் பேய்," என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "சத்தத்தக் கொஞ்சம் கூட்டும்மா," என்கிறார் அப்பா. கூட்டுகிறேன். ஒவ்வொரு படியாய் இறங்கிய ஓசை அறைக்கதவின் முன்னால் வந்து நிற்கிறது. உள்ளே கதாநாயகி தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். "அட, தொறந்து விடேன்டி," என்று அவளை அதட்டுகிற அப்பா, சோபாவில் சற்றே நகர்ந்து இடம் விடுகிறார்.